மூச்சு உடையாதவர்கள்

கேண்டீன் காபியைப் பற்றிப் பிரகாசி சொன்னது ஒரு சின்னப் பொய்தான். யாரையும் நோகடிக்காத, சொன்னவுடனே மறந்துவிடக்கூடிய பொய்.

கேண்டீன்காரர் சோணைமுத்து அன்றைக்குத் தானே டம்ளரை ஏந்திக்கொண்டு மாடிக்கு வந்திருந்தார். புதுத் தூள் வாங்கியிருக்கிறாராம். கொடுத்துவிட்டுப் போகாமல், கைத்துண்டைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

பிரகாசி ஒரு வாய் குடித்தாள். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குண்ணே."

சோணைமுத்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார். மேசைக்குப் பின்னால் இருந்த பீர்முகமதுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ஆபீஸ்ல அந்தக் காபிய நல்லாருக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் மேடம்."

சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த கருவியின் விளக்கைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பிரகாசியும் பார்த்தாள். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் தொண்டையில் மெய்ப்பட்டை ஒட்டியிருந்தது. தென்னகக் கபடி லீக்கின் ஒழுங்குப் பிரிவில் அது தினமும் நடக்கிற சடங்கு. விசாரணை தொடங்குமுன் அலுவலகத்தில் ஒருவர் பட்டையை ஒட்டிக்கொண்டு ஓர் உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு வந்தால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள். வழக்கமாக அதைச் செய்கிறவர் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பீர்முகமதுதான். அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பிரகாசி ஒட்டிக்கொண்டாள். பெயரைச் சொல்லிப் பச்சை வாங்கியாயிற்று. பொய்க்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கும்போதுதான் காபி வந்தது.

"கருவி கெட்டுப்போச்சா பாய்?"

"இருங்க." பீர்முகமது இன்னொரு பட்டையை எடுத்துத் தன் கழுத்தில் ஒட்டினார். கரகரத்த குரலில், "நான் மதுரைக்கு மகாராஜா" என்றார். சிவப்பு. "நான் பீர்முகமது." பச்சை.

"கருவி நல்லாத்தான் மேடம் இருக்கு. நீங்க சொல்லுங்க பாப்போம்."

"நான் மதுரைக்கு மகாராணி."

பச்சை.

பீர்முகமது எழுந்து நின்று கும்பிட்டார். "வணக்கம் மகாராணி." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பட்டை முதலில் பொய்யைப் பிடிக்க வந்ததில்லை. கபடியில் ரெய்டு போகிறவன் எதிரணிக் களத்தில் கால் வைத்ததிலிருந்து திரும்பும்வரை ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாட வேண்டும். மூச்சு உடைந்தால் அவன் வெளியே. பெரிய அரங்குகள் வந்து, கூச்சலில் பாட்டு நடுவர் காதில் விழாமல் போனபோது, தொண்டையில் ஒட்டும் மெல்லிய பட்டை ஒன்றை ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. மூச்சு உடைந்த கணத்தில் அது சொல்லிவிடும். பிறகு அதே நிறுவனம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது. பொய் சொல்லுமுன் மனிதனுக்கு மூச்சு ஓர் இழை தடுக்குகிறது. பட்டை அதையும் பிடிக்கும். லீக் அப்படியே கட்டிக்கொண்டது. வீரர்கள் மேல் புகார் வந்தால் இனி வக்கீலும் வேண்டாம், வருஷக்கணக்கும் வேண்டாம். இருவர் கழுத்திலும் பட்டை. யாருக்குப் பச்சையோ அவர் பக்கம் நியாயம். 'மூச்சு உடைந்தால் அவுட்' என்று அரங்கத்துக்கு வெளியே பெரிதாக எழுதியும் வைத்தார்கள். கபடிக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. உடையாத மூச்சை அவர்கள் சின்ன வயதிலிருந்தே கும்பிட்டு வந்தவர்கள்.

பிரகாசியும் கபடிக்காரிதான். இளமையில் ரயில்வே அணிக்கு ரெய்டு போனவள். ஆட்டம் விட்ட பிறகு சட்டம் படித்து, இந்தப் பருவத்தில்தான் லீக்கின் விசாரணை அதிகாரியாகச் சேர்ந்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டாலும் மூச்சு அசையாமல் வைத்துக்கொள்ளப் பயிற்சியாளர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பாடிக்கொண்டே சிரிக்கலாம், பாடிக்கொண்டே எதிராளியைப் பார்த்துப் பொய்யாக ஒரு காலை நீட்டலாம். ரெய்டர் உடம்பால் பொய் சொல்லாமல் ஒரு புள்ளி எடுக்க முடியுமா?

அவள் மேசைமேல் இருந்த அறிக்கையைப் பார்த்தாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

முத்துநகர் சுறாக்கள் அணியின் பிசியோதெரபிஸ்ட் சுடர்விழி, அந்த அணியின் நட்சத்திர ரெய்டர் இசக்கிராஜாமேல் புகார் கொடுத்திருந்தாள். அவனுடைய வலது தோள் கிழிந்திருக்கிறது, இறுதிப் போட்டியில் ஆடத் தகுதியில்லை என்று அவள் எழுதித்தர இருந்தாளாம். அவன் சிகிச்சை அறைக் கதவை உள்ளே தாழிட்டு, மாற்றி எழுதச் சொல்லி அவள் கையை முறுக்கினானாம். இரண்டு விரல்கள் முறிந்தன. அவன் சொன்னது வேறு: ஐஸ் பெட்டியின் மூடி விழுந்து விரல் நசுங்கியது, பழியைத் தன்மேல் போடுகிறாள்.

முந்தின நாள் இருவரையும் விசாரித்தாயிற்று. சுடர்விழி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். 'கதவைப் பூட்டினார்' என்றாள், சிவப்பு. 'மாத்தி எழுதுன்னார்', சிவப்பு. சிவப்பைப் பார்க்கப் பார்க்க அவள் குரல் இன்னும் உடைந்தது. இசக்கிராஜா வந்தான், தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாமே பச்சை.

லீக்கின் விதிப்படி சிவப்பு வந்த புகார் பொய்ப் புகார். கொடுத்தவர் பெயர் எல்லா அணிகளுக்கும் போகும். அதன்பின் எந்த அணியும் சுடர்விழியைத் தன் வாசலுக்குள் விடாது. முறிந்த விரல் கூடிவிடும், முறிந்த பெயர் கூடாது.

நேற்று இரவு முழுக்கப் பிரகாசி அவளைத்தான் சந்தேகப்பட்டாள். இப்போது அந்தச் சந்தேகம் இடம் மாறத் தொடங்கியது. மாறத் தொடங்கிய சந்தேகம் ஓரிடத்தில் நிற்காது. அது முதலில் போய் நின்றது எதிரே உட்கார்ந்திருந்தவர்மேல்.

"பாய், நேத்து விசாரணைக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் குடுத்தீங்களே. யார் குடுக்கச் சொன்னாங்க?"

பீர்முகமதுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

"தண்ணியில எதையும் கலந்தேனான்னு கேக்குறீங்களா மேடம்?"

"நான் கேக்க வேண்டியிருக்கு."

"யாரும் சொல்லல. அந்தப் பிள்ளைக்கு உதடெல்லாம் காஞ்சிருந்துச்சு. டம்ளரப் பிடிக்கக்கூட ஒத்தக் கைதான் இருந்துச்சு. அதான் குடுத்தேன்." பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "வேணும்னா இத மாட்டிக்கிட்டே சொல்றேன்."

"வேண்டாம் பாய். மன்னிச்சிருங்க."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அறைக்குள் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அதற்கும் விளக்கு எரிய வேண்டும் என்று ஆகிவிட்டதே! அவள் கட்டைவிரலால் நெற்றியில் சிறியதாகச் சிலுவை வரைந்துகொண்டாள். ஆண்டவரே, கண்ணைத் திறந்துவிடும். ஆனால் மனசைக் கறுக்க விடாதேயும்.

பிறகு நேற்றைய விசாரணையை விளக்கை விட்டுவிட்டு, பேச்சை மட்டும் நினைத்துப் பார்த்தாள். ஒன்று நினைவுக்கு வந்தது. 'அன்னைக்கு அவர் குடிச்சிருந்தாரா?' என்று இவள் கேட்டிருந்தாள். 'இல்ல மேடம். அவர் குடிக்கவே மாட்டார். இல்லாததச் சொல்லக் கூடாது' என்றாள் சுடர்விழி. பொய் சொல்ல வந்தவள் அந்த வாசலைத் தானே சாத்துவாளா? இசக்கிராஜாவோ மூன்று முறை கேட்டும் மூன்று முறையும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னான். ஏறாமல், இறங்காமல். அவன் பதில் சொல்லவில்லை, பாடினான்.

அறிக்கைக்குக் கையெழுத்து வாங்க லீக்கின் நிர்வாக இயக்குநர் ரகோத்தமன் தானே வந்தார். சென்னையிலிருந்து விமானத்தில் இறங்கிய சட்டை, கசங்காத சிரிப்பு.

"என்ன மேடம், இன்னும் சைன் பண்ணலையா? நாளைக்கு ஃபைனல். பசங்க டென்ஷன்ல இருக்காங்க."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பட்டையை உலகம் பூரா டெஸ்ட் பண்ணியிருக்காங்க."

"யார்மேல சார்? காலேஜ் பசங்க, கம்ப்யூட்டர் ஆளுங்க. ஒரு ரெய்டர்மேல செஞ்சு பாத்தாங்களா?"

"அதுக்கு என்ன?"

"இதுவரைக்கும் லீக்ல தண்டிச்சவங்கள்ல ஒரு ரெய்டர் உண்டா? நான் பாத்தவரைக்கும் எல்லாரும் பின்னால நின்னு பிடிக்கிறவங்க. பாடவே போகாதவங்க. ரெய்டர் எவனும் சிக்கினதில்ல."

ரகோத்தமன் ஒரு கணம் பேசவில்லை. அந்த ஒரு கணம் பிரகாசிக்குப் போதுமானதாக இருந்தது. வியப்படைகிற மனிதன் அப்படி மௌனமாக இருக்க மாட்டான்.

"ரெய்டர்ஸ் எல்லாம் நல்ல பசங்க மேடம்" என்றார் மெதுவாக. "டிக்கெட் வித்துத் தர்றவங்களும் அவங்கதான். சாயங்காலம் கமிட்டி கூடுது. பேசணும்னா அங்க பேசுங்க. ரூல் தெரியும்ல? அங்க யார் பேசினாலும் பட்டை ஒட்டிக்கிட்டுத்தான் பேசணும். நான்கூட."

அவர் போன பிறகு அவள் காற்றுக்காகக் கீழே இறங்கினாள். அரங்கின் பக்கவாட்டில், பயிற்சிப் பாயின் ஓரத்தில் இசக்கிராஜா தனியாக உட்கார்ந்து முழங்காலுக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். இடது கையால் மட்டும். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்கக்கா. ஒங்க ஆட்டத்த எங்க அப்பா இன்னைக்கும் சொல்லுவாக. ரயில்வே பிரகாசி ரெய்டு போனா எதிர்ல நிக்கிறவளுக்கே மூச்சு நின்னுரும்பாக."

"தோள் எப்படியிருக்கு?"

"அதுக்கு என்ன, கல்லு கணக்கா இருக்கு." வலது கையைத் தூக்கிக் காட்டப் போனவன், பாதியில் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டான்.

"இசக்கி, அந்தப் பொண்ணு விரல் எப்படிப்பா முறிஞ்சுது?"

அவன் சிரித்தான். கண்ணுக்கு எட்டாத சிரிப்பு.

"அதான் பச்ச எரிஞ்சுட்டுல்லா? பெறவு என்னக்கா?" சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்களும் பாடிப் போனவங்கதான. மூச்சப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்? நம்ம ஆளுக நம்ம ஆளுகள விட்டுக் குடுக்கலாமா?"

அவள் திரும்பி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் மறுபடி பட்டி சுற்றும் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ரகோத்தமனுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அவன் சொன்னதை எப்படி நிரூபிப்பது? கேட்டது அவள் ஒருத்தி. அவள் சொன்னால் பச்சை எரியும். அவள் எதைச் சொன்னாலும் பச்சைதான் எரியும். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொல்ல வழியில்லாமல் நின்றாள். மூச்சைப் பழக்கி வைத்த பாவம், அவள் வார்த்தைக்கு விலையே இல்லாமல் ஆகியிருந்தது.

மாடி வராந்தாவில் சுடர்விழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடிவைக் கேட்டுக்கொண்டு போகலாமென்று கோவில்பட்டியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாளாம்.

"சாப்ட்டியாம்மா?"

"பசிக்கல மேடம்." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொல்லலாமா? என் பேரு போனா போகுது. அந்தத் தோளோட அவர நாளைக்கு எறக்காதீங்க. ஒரு பிடி விழுந்தா கை தூக்கவே முடியாமப் போயிரும். நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

பிரகாசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, இந்தப் பிள்ளையின் கழுத்தில் இப்போது பட்டை இல்லை. இருந்திருந்தால் இதற்கும் சிவப்பு எரிந்திருக்கும். பயத்தில் தடுக்கும் மூச்சுக்கும் பொய்யில் தடுக்கும் மூச்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கமிட்டி அறையில் நீளமான மேசை. தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி தணிகாசலம், பக்கத்தில் அணி உரிமையாளர்கள் இரண்டு பேர், எதிரே ரகோத்தமன். எல்லார் கழுத்திலும் பட்டை, ஒவ்வொருவர் முன்னாலும் நெல்லிக்காய் அளவு விளக்கு. பீர்முகமது சுவரோரம் கருவியோடு நின்றார்.

"சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"ஐயா, இந்தப் பட்டையை என்னால ஏமாத்த முடியும்."

பச்சை.

நீதிபதி புருவத்தை உயர்த்தினார். "விளக்கும் அத ஒத்துக்குதே."

"நான் மதுரைக்கு மகாராணி ஐயா. எனக்கு நாலு யானை இருக்கு. இந்த ஆபீஸ் காபி அமிர்தமா இருக்கும்."

பச்சை. பச்சை. பச்சை. உரிமையாளர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னைக்கு மத்தியானம் இசக்கிராஜா எங்கிட்ட, மூச்சப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லணுமான்னு கேட்டான். இதுக்கும் பச்சைதான் எரியுது. இது உண்மை. ஆனா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரகோத்தமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நாள் முழுக்கக் கசங்காதிருந்த சிரிப்பு இப்போது காணாமல் போயிருந்தது.

"சார், இது சர்க்கஸ்! மேடம் அத்தனை வருஷம் ரெய்டு போனவங்க. மூச்சை எப்படி வேணா பிடிச்சு வச்சுக்குவாங்க. அவங்களுக்கு எரியற பச்சைக்கு ஒரு மதிப்பும் கிடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் அறை அமைதியாகிவிட்டதை அவர் கவனித்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவர் முன்னால் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மிஸ்டர் ரகோத்தமன், நீங்க எப்பவாவது கபடி ஆடியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

பச்சை.

"அப்ப உங்க பச்சைய நம்பலாம். ரெய்டருக்கு எரியிற பச்சைக்கு மதிப்பில்லைன்னு சொல்றீங்க. சரி. இசக்கிராஜா என்ன ஆடுறான்?"

ரகோத்தமன் தள்ளிய நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டார்.

"இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான் சார். மேடம் சொல்லித்தான்."

விளக்கு சிவப்பாக மாறியது. அவர் அதையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு விரலால் கழுத்துப் பட்டையை மெல்ல உரித்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீதிபதி பிரகாசி பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணோட விரலை எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"எடுத்திருக்காங்க ஐயா. மூடி விழுந்து நசுங்குனதா, முறுக்கி ஒடிஞ்சதான்னு ஒரு டாக்டர் பாத்தாச் சொல்லிருவார்."

"ஏன் யாரும் பாக்கல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "விளக்கு வந்த பிறகு யாருக்கும் தோணல ஐயா. எனக்கும்தான்."

விளக்குகளை அணைக்கச் சொன்னார் நீதிபதி. இரண்டு பேரின் வாக்குமூலமும் செல்லாது, பச்சையும் செல்லாது, சிவப்பும் செல்லாது. வெளி மருத்துவர் ஒருவர் விரலையும் தோளையும் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதுவரை இசக்கிராஜா களமிறங்கக் கூடாது. பழைய வழக்குகளும் திறக்கப்படும். "இனிமே எப்படி ஐயா விசாரிக்கிறது?" என்று உரிமையாளர் ஒருவர் திகைப்போடு கேட்டார். "காதால" என்றார் நீதிபதி. "முப்பது வருஷம் நான் அப்படித்தான் செஞ்சேன். தப்பும் பண்ணியிருக்கேன். ஆனா தப்புப் பண்ணினா எனக்குத் தூக்கம் வராது. இதுக்கு வரும்."

பிரகாசி வராந்தாவுக்கு வந்தபோது சுடர்விழி எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு சொல்லிட்டாங்களா மேடம்?"

"இல்லம்மா. இன்னும் யாரும் எதையும் சொல்லல. உன் பேரு எங்கயும் போகாது, அவ்வளவுதான். மறுபடி முதல்லேருந்து கேக்கணும்."

"விளக்கு இல்லாம என்னை யார் மேடம் நம்புவாங்க?"

பிரகாசி தன் அறைக் கதவைத் திறந்தாள். அவளை உள்ளே அழைத்துப்போய்த் தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்து, அவளுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். பீர்முகமது கருவியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினார். போகிற போக்கில் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "சோணைண்ணே, மூணு காபி!"

சோணைமுத்து தட்டோடு வந்தார். காலையில் கிடைத்த பாராட்டில் நாள் முழுக்க நடை மிடுக்காகவே இருந்தது. டம்ளரைச் சுடர்விழியின் நல்ல கையில் பிடிக்கும்படி வைத்துவிட்டு, வாசலில் நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

பிரகாசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சுடர்விழி ஒரு வாய் குடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம்... தீஞ்ச வாடை அடிக்குதுண்ணே. தூள் அடிப்பிடிச்சிருச்சு போல. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. சோணைமுத்துவின் முகம் விழுந்தது. டம்ளரை வாங்கித் தானே ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"ஆமாத்தா" என்றார். "காலையிலேருந்து இதையவா எல்லாருக்கும் குடுத்தேன்? ஒருத்தராச்சும் சொல்லக் கூடாது?" பிரகாசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று டம்ளர்களையும் தட்டில் அள்ளினார். "இருங்க, நல்லதாப் போட்டு எடுத்துட்டு வாரேன்."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. மேசைமேல் விளக்கு இருட்டாகக் கிடந்தது.

பிரகாசி குனிந்து, அந்தக் கட்டுப்போட்ட கையை மெல்லத் தொட்டாள்.

"இப்ப சொல்லும்மா" என்றாள். "நான் கேக்குறேன்."